ஈரக்கைக்காரர்

முழங்கை மறைகிற வரைக்கும் இரண்டு கைகளையும் ஏரிக்குள் முக்கி, விரல் மரத்துப்போகும் வரை அப்படியே வைத்திருப்பார். பனி உருகி இறங்கிய தண்ணீர் அது. சாதாரண ஆளுக்கு நகக்கண்ணில் தொடங்கும் வலி தோள்பட்டை வரை ஏறிப் பிடித்துக்கொள்ளும். இவர் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதற்கப்புறம்தான் தூண்டிலில் மாட்டிய மீனைத் தொடுவார். விருந்தாளி யாராவது ஆர்வக்கோளாறில் காய்ந்த கையோடு மீனைப் பிடிக்கப் போனால் போச்சு. "கை சார், கை. நனைச்சிட்டுத் தொடுங்க. காஞ்ச கை பட்டா மேல இருக்கற வழவழப்பு போயிடும். அப்புறம் பூஞ்சை புடிச்சுத் துடிச்சுத் துடிச்சுச் சாகும்" என்பார். அந்த விருந்தாளி ஊரில் ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்குகிறவராக இருக்கலாம். இங்கே சமர்த்தாகக் குனிந்து கையை நனைத்துக்கொள்வார்.

அதனால்தான் ஈரக்கைக்காரர் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விடுதி வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வேலை என்னவென்றால், மலைமேல் இருக்கும் ஏரிகளுக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் ட்ரவுட் மீன் பிடிக்க வைத்து, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிற தூண்டில் இல்லை இது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் ஈ ஒன்றை, தலைக்கு மேல் வீசி வீசி, நிஜமான ஈ வந்து உட்காருகிற பதத்தில் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். அதை நம்பி மீன் மேலே வர வேண்டும். இதற்காக லீவு போட்டுவிட்டு நகரங்களிலிருந்து வருகிறார்கள். முதல் நாள் பாதிப் பேர் தங்கள் தொப்பியைத்தான் பிடிப்பார்கள். தங்கள் காதையே பிடித்தவர்களும் உண்டு. காதிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும் வித்தையும் இவருக்கு அத்துப்படி. "மீனை விட நீங்க நல்லாப் பொறுத்துக்கறீங்க சார்" என்று கூடவே ஆறுதலும் சொல்வார்.

ஆள் ஒல்லி. வெயிலும் பனிக்காற்றும் மாறி மாறி அடித்துக் கன்னம் வெடித்திருக்கும். நூலைப் பல்லால் கடித்தே அறுப்பதால் முன்பல் ஒன்றில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. நூல் தானாகவே அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் வரும். அதுவும் கேள்வி மீனைப் பற்றியதாக இருந்தால்தான்.

இன்னொரு பழக்கம் இடுப்புப் பட்டை. தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் மார்பு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, அதன்மேல் இடுப்பில் ஒரு பட்டையை இறுக்க வேண்டும். எல்லோரும் இறுக்கி முடித்ததும் இவர் ஒவ்வொருவராக வந்து, பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் நுழைந்துவிட்டால் மூச்சுத் திணறுகிற அளவுக்கு இன்னொரு இழு இழுப்பார். "சாப்பிட்டப்புறம் கொஞ்சம் தளர்த்திக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது.

அவருடைய அண்ணன் தளர்த்தினார். அண்ணனும் இதே விடுதியில் இதே வேலைதான். சும்மா சொல்லக்கூடாது, தம்பியை விடக் கெட்டிக்காரர், வாயைத் திறந்தால் கரையே சிரிக்கும். மேல் ஏரியில் ஒரு மத்தியானம், வயிறு முட்டச் சாப்பிட்டதால் பட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். விருந்தாளி ஒருவர் ஒரு பெரிய மீனை விளையாட்டுக் காட்டி விளையாட்டுக் காட்டிக் களைக்கவைத்து, அப்புறம் விட்டுவிட்டார். மீனுக்கு நிமிரவும் தெம்பில்லை. வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு உள்ளே மிதந்து போனது. விருந்தாளி ஐயோ பாவம் என்றார். அண்ணன் அதைப் பிடித்து நிமிர்த்தி மூச்சு வாங்க வைக்கலாமென்று தண்ணீருக்குள் நடந்தார்.

மேல் ஏரியின் கரை கொஞ்ச தூரத்துக்குக் கூடத்துத் தரை மாதிரி இருக்கும், அப்புறம் மொட்டைமாடி விளிம்பு மாதிரி திடீரென்று முடிந்துவிடும். எங்கே முடிகிறது என்பது நிறத்தில் தெரியும். பச்சையாக இருக்கும் தண்ணீர் அங்கே கறுத்துவிடும். அண்ணனுக்கு அது தெரியாதா என்ன? கண் மீன்மேல் இருந்தது, அவ்வளவுதான். பட்டை இல்லாத ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் ஆள் கல்தான். எதிர்க்கரையில் வேறொருவருக்கு ஈ கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த தம்பி தலையைத் தூக்கியபோது தண்ணீர்மேல் தொப்பி மட்டும் இருந்தது. முக்குளிப்பவர்கள் வந்து பார்த்தார்கள். ஆழமும் குளிரும் தாங்காது என்றார்கள். இந்தக் குளிரில் உடம்பு ஊதி மேலே வராது, தேடிப் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த மீன் மட்டும் கொஞ்ச நேரத்தில் தானாக நிமிர்ந்து போய்விட்டது என்று அந்த விருந்தாளி பிற்பாடு சொன்னாராம்.

அன்றிலிருந்து மேல் ஏரியில் பிடிக்கிற மீன் ஒன்றுகூட அதன் கரையைத் தாண்டியதில்லை. பிடி, பார், விடு. கீழ் ஏரியில் இந்தப் பிடிவாதமெல்லாம் கிடையாது. அங்கே பிடித்ததைக் கத்திப்பிடியால் ஒரே தட்டு, மீனுக்கே தெரியாது. வயிற்றைப் பிளந்து காட்டி, எந்தப் பூச்சியைத் தின்றிருக்கிறதோ அதேபோல ஈ கட்டிக்கொடுப்பார். மேல் ஏரி என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். விருந்தாளிகள் இதைப் பார்த்துவிட்டு, இயற்கையின் காவலர் என்றும் ஜீவகாருண்யம் என்றும் கதை கட்டினார்கள். ஒருவர் படம் எடுத்துப் பத்திரிகையில் வேறு போட்டார். அதைக் காட்டியபோது இவர் முகம் கறுத்துவிட்டது. பாவம், பாராட்டியவருக்கு என்ன தெரியும்?

விஷயம் வேறு. கீழ் ஏரி மீன் ஒன்றின் வயிற்றில் ஒரு தடவை முழுசாக ஒரு எலியைப் பார்த்திருக்கிறார். ட்ரவுட் கிடைத்ததைத் தின்னும். அண்ணன் கிடப்பதோ மேல் ஏரியில். அந்த மீனை ஒருத்தர் வாயில் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இப்போது இருக்கிற மீன்கள் அன்றைக்கு இருந்தவற்றின் பேரன் கொள்ளுப்பேரன்கள் என்ற கணக்கெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மனசு கேட்க வேண்டாமா?

ஆனாலும் அந்த ஏரிக்குப் போகாமல் இருக்க முடியாது. மேலே போய்ச் சேர்ந்ததும் மூட்டையை இறக்குவதற்கு முன்னால், தண்ணீர் கறுக்கிற இடத்துக்கு நேராகப் போய், ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்து, "வந்துட்டேன்ணே" என்று யாருக்கும் கேட்காமல் சொல்வார். ஒரு கோடைகூட அவர் தவறவிட்டதில்லை. கூடப் பிறந்தவரைப் போய்ப் பார்ப்பதற்கு வேறு இடம் இல்லையே.

இதெல்லாம் அவருடைய அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணிக்கு விடுதிச் சமையலறையில் வேலை. விடுதிக்குப் பின்னால் அடுத்தடுத்த அறைகளில் இருவரும் குடியிருக்கிறார்கள். சாப்பாடு சமையலறையில், எல்லா விருந்தாளிகளும் சாப்பிட்டு முடித்த பிறகு. இவர் குழாயில் கையை நனைத்துக்கொண்டு, துடைக்காமல், சொட்டச் சொட்ட வந்து உட்காருவார். எத்தனை வருஷமாகச் சொன்னாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "துடைச்சிட்டு வந்தா கை தேஞ்சா போயிடும் தம்பி? இப்பத்தானே தரையைத் துடைச்சேன். இங்க யாரு மீனு, நானா?" என்று அண்ணி திட்டுவார். ஈரக்கைக்காரர் சிரிக்கிற ஒரே இடம் அதுதான்.

இந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் முதலாளி அவரை முன்னறைக்குக் கூப்பிட்டார். முதலாளி சின்ன வயசுக்காரர், அப்பாவிடமிருந்து விடுதி கைக்கு வந்தவர். மரியாதை தெரிந்தவர்தான், குறை சொல்ல முடியாது.

"உக்காருங்கண்ணே. மேல் ஏரி மீனைப் பத்திப் பேசணும். நீங்களே பாத்திருப்பீங்க, தலை மட்டும் பெருசா இருக்கு, உடம்பு பாம்பு மாதிரி. புடிச்சவங்க போட்டோ எடுத்துக்கவே கூச்சப்படறாங்க."

"இந்த வருஷம் பனி லேட்டாத்தான் உருகுச்சு சார்."

"பனி இல்லண்ணே. விவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ஒண்ணைக்கூட எடுக்காம விட்டுட்டே இருந்ததால குஞ்சு பொரிச்சுப் பொரிச்சுக் கூட்டம் தாங்கலையாம். அவ்வளவு உசரத்துல தீனி எங்க இருக்கு? எல்லாம் பட்டினி கிடக்குதுங்க."

ஈரக்கைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் மெலிந்துகொண்டே போவது அவருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிவதற்கு எத்தனையோ கோடைகளுக்கு முன்பே தெரியும். உள்ளங்கையில் முதுகெலும்பு உறுத்தும். வாயைத் திறக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

"இனிமே அங்க புடிக்கற மீனைக் கொன்னுடணும். கரையிலயே சுட்டுக் குடுங்க, வர்றவங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"கீழ் ஏரி மீனைத் தூக்கிட்டுப் போய் மேல சுட்டுத் தரேன் சார். ருசியும் நல்லா இருக்கும்."

"உங்களுக்கு அந்த ஏரின்னா மனசு கஷ்டம்தான், எனக்குப் புரியுது. முடியலைன்னா சொல்லிடுங்கண்ணே. கீழ் ஏரியை நீங்க பாத்துக்கங்க, மேல வேற ஆளைப் போட்டுக்கறேன். உங்க முட்டிக்கும் நல்லது."

அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. வேறு ஒருவன் போவான், மீனைக் கொல்வான், சுடுவான். கறுத்த தண்ணீர்ப் பக்கம் குனிந்து ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்காது.

"நானே போறேன் சார்" என்றார்.

சமையலறையில் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னார். அண்ணி பாத்திரத்தின் அடிப்பிடிப்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். காலையில் முதுகுப்பையைத் தூக்கினால் கனத்தது. திறந்து பார்த்தால் இரும்புச் சட்டி, எண்ணெய் புட்டி, உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சம்பழம். எல்லாம் துணியில் பக்குவமாகச் சுற்றி வைத்திருந்தது. அவர் சட்டியை வெளியே எடுத்தார். அண்ணி வாங்கி மறுபடி உள்ளே வைத்தார்.

"எனக்கும் ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க தம்பி."

"அண்ணி, என்ன பேசறீங்க?"

"நீங்க வருஷா வருஷம் ஏறிப் போய்ப் பாத்துட்டு வர்றீங்க. நான் ஒரு தடவைகூட ஏறல. என்னால முடியாது. உங்களுக்காவது போய் நிக்க ஒரு கரை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? கதவு தட்டற சத்தம் கேட்டா இன்னும் அவர்தான்னு எழுந்துக்கறேன். சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கலை அண்ணி."

"மீனு தின்னிருந்தா தின்னுட்டுப் போகட்டும். நானும் அதைத் தின்னு பாக்கறேன். அப்பவாவது அந்த மனுஷன் செத்துட்டார்னு இந்தப் பாழாப்போன மனசு ஒத்துக்குதான்னு பாப்போம்."

சொல்லிவிட்டுப் பையின் வாயைக் கட்டிக் கையில் கொடுத்தார். ஈரக்கைக்காரர் பையை முதுகில் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு விருந்தாளிகள் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் ஓயாது. ஏற்றம் முழுக்க, "தலைவரே, இன்னும் எவ்வளவு தூரம்?" என்பதும் மூச்சு வாங்குவதுமாக வந்தார். ஒரு பாறையில் உட்கார்ந்தபோது ஈரக்கைக்காரரின் முன்பல் அவர் கண்ணில் பட்டுவிட்டது. "அந்தப் பள்ளத்தை அடைச்சு விடறேன், ஊருக்கு வந்தா என்னை வந்து பாருங்க" என்றார். "அடைச்சுட்டா நூலை எதுல கடிக்கறது சார்?" என்றார் இவர். டாக்டர் மனைவி வெகுநேரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மேலே மரம் கிடையாது, புதர் கிடையாது. சுற்றிலும் உடைந்த கல், நடுவில் ஏரி. காற்று நின்றிருந்தது. ஈரக்கைக்காரர் வழக்கம்போல் மூட்டையோடு கறுத்த தண்ணீருக்கு நேராகப் போய்க் குனிந்தார். சட்டியை முதுகில் சுமந்துகொண்டு என்னவென்று சொல்வது? ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டு எழுந்து வந்தார். இருவருடைய இடுப்புப் பட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். முள் நுனியில் மீன் வாயைக் கிழிக்கும் சின்னக் கொடுக்கைக் குறடால் நசுக்கி மழுக்கிக் கொடுத்தார். கொல்லப்போகிற மீனுக்கு அது எதற்கு என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

முதல் மீன் டாக்டர் மனைவிக்கு. பசித்துக் கிடக்கிற ஏரியில் மீன் பிடிக்கக் கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை. ஈ விழுந்த இடத்தில் மூன்று நான்கு வாய் ஒன்றாகத் திறந்தது. அந்த அம்மாள் சந்தோஷத்தில் என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டு நூலைச் சுருட்டினார். ஈரக்கைக்காரர் முட்டிபோட்டு, முழங்கை வரை கையை முக்கி, காத்திருந்து, அப்புறம் மீனைப் பிடித்து முள்ளைக் கழற்றினார். கை பழக்கத்தில் மீனைத் தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது. செவுள் திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் அதற்குத் தெம்பு வந்து, வால் அவர் மணிக்கட்டைத் தள்ளியது. விரலைத் தளர்த்தினால் போய்விடும்.

"விடப் போறீங்களா அண்ணா? சாப்பிடலாம்னு சொன்னாங்களே" என்றார் டாக்டர் மனைவி, கொஞ்சம் ஏமாற்றமாக.

"இல்லம்மா. விடலை."

கத்திப்பிடியால் தட்டினார். கீழ் ஏரியில் ஒரே தட்டில் முடிக்கிறவருக்கு இங்கே முதல் தட்டு தவறியது. மீன் கல்லில் துள்ளியது. இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கிப் போட வேண்டியிருந்தது.

டாக்டர் குனிந்து மீனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். தொழில் புத்தி விடுமா? "தலைவரே, வயித்தைப் பிளந்தா என்ன தின்னுதுன்னு தெரியுமாமே. அதுக்கேத்த ஈயைக் கட்டலாம்னு படிச்சேன், காட்டுங்களேன்" என்றார்.

எத்தனையோ வருஷமாகச் சொப்பனத்தில் வந்து எழுப்பிவிடுகிற காரியம் அது. கத்தியை எடுத்தார். மீனைக் கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வயிற்றைக் கீறினார். இரைப்பையைத் திறந்தார். எள் மாதிரி சில கறுப்புக் கொசுக்கள். கொஞ்சம் மணல். சுண்டுவிரல் அளவில், பாதி கரைந்துபோன ஒரு குட்டி மீன். அதன் விலாவிலும் பெரிய மீனுக்கு இருக்கிற அதே புள்ளிகள் இன்னும் அழியாமல் இருந்தன.

"இது என்ன, இதோட குஞ்சா? தன் குஞ்சையே தின்னுதா?" என்றார் டாக்டர்.

"பசி சார்."

கத்தி நுனியால் இன்னொரு தடவை கிளறிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்ததுதான். அந்தக் குஞ்சை மட்டும் எடுத்துத் தனியாகக் கல்லில் வைத்தார். அண்ணனுக்காக என்று சொல்லிக்கொண்டு இவர் விட்டு விட்டு வைத்த மீன்கள். ஒன்றையொன்று தின்று உயிர் பிழைக்கும்படி அவற்றை வைத்திருந்தவர் இவர்தான். அண்ணனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தார். நல்ல வார்த்தையாக ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் பிடித்த எல்லா மீனையும் ஒரே தட்டில் முடித்தார். கல் அடுக்கி, சுமந்து வந்த விறகை மூட்டி, சட்டியை வைத்தார். உப்பும் மிளகும் தடவிப் பொரித்துக் கொடுத்தார். விருந்தாளிகள் இருவரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள். "நீங்களும் எடுத்துக்கங்க அண்ணா" என்று டாக்டர் மனைவி தட்டை நீட்டினார். முதல் மீனின் நடுத்துண்டை எடுத்துத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் யாருக்கு என்று கேட்டதற்கு, "அண்ணிக்கு" என்றார். கிளம்பும்போது கறுத்த தண்ணீர்ப் பக்கம் திரும்பவேயில்லை. துண்டின் சூடு இறங்கும் வழியில் கொஞ்ச தூரம் மார்பில் பட்டுக்கொண்டே வந்து, அப்புறம் ஆறிப்போனது.

சமையலறையில் மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். தரை துடைத்து ஈரம் காய்ந்திருந்தது. அண்ணி மேஜையருகே உட்கார்ந்திருந்தார். ஈரக்கைக்காரர் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தார். அண்ணி பிரித்து, தாளோடு தட்டுக்கு மாற்றினார்.

"இவ்வளவுதானா?"

"மெலிஞ்ச மீன் அண்ணி. சாப்பாடு கிடைக்காம மெலிஞ்சது."

"வயித்துல..."

"ஒண்ணுமில்லை. கொசு. மணல்." குஞ்சைப் பற்றி அவர் சொல்லவில்லை.

அண்ணி தலையை ஆட்டினார். துண்டை எடுக்கக் கையை நீட்டினார். விரல் கிட்டே போய் அப்படியே நின்றது. கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். முடியவில்லை போலிருக்கிறது, போகட்டும் என்று இவர் தட்டை நகர்த்தப் போனார். "இருக்கட்டும்" என்றார் அண்ணி.

குழாயடிக்குப் போய், ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் குளிர்ந்த தண்ணீரில் பிடித்தார். முகம் சுளித்தது. எடுக்கவில்லை. துடைத்து வைத்த தரையில் தண்ணீர் சொட்டியது.

ஈரக்கைக்காரர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து, குழாயின் கீழே அவர் கைக்கும் இடம் விட்டார்.